கைராசிக்காரர்

"காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க சார்" என்றார் நேசையா.

கணேஷ்ராம் தூக்கிப் பிடித்தான். அத்தானின் வலது கால். முக்கால் மணி நேரத்துக்கு முன்பு வரை அந்தக் காலுக்கு உயிர் இருந்தது. இப்போது அது கனத்தது. உயிரோடு இருந்தபோது அத்தானின் காலை அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விழுந்து கும்பிடும்போதுகூட ஒரு சாண் தள்ளித்தான் விழுவான்.

நேசையா பழைய கட்டைப் பிரித்தார். இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் இருந்த புண்ணைத் துடைத்தார், பஞ்சு வைத்தார், மேலே துணி மடித்து வைத்துப் பிளாஸ்திரியை நாலு வரியாக ஒட்டினார். நாலும் அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி இருந்தன. பன்னிரண்டு வருஷமாக மருந்துக் கம்பெனியின் ரெப்பாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவன் கணேஷ்ராம். செத்தவருக்குப் புண் கட்டி இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"இனிமே எதுக்கு அண்ணாச்சி இது?"

"சேரன்மகாதேவி போய்ச் சேருத வரைக்கும் வேன் குலுங்கும்லா சார். கசிஞ்சுட்டுன்னா வேட்டியில தெரியும். ஒங்க அக்கா பாத்தா மனசு தாங்க மாட்டாவ."

சொல்லிவிட்டு, கட்டின் ஓரத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கும் அப்படித்தான் நீவிவிடுவார். அந்த நீவலில் பாதி வலி போய்விடும் என்று பாளையங்கோட்டையில் பேச்சு. கணேஷ்ராமுக்கு அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேறெங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை.

அத்தான் திருஞானசம்பந்தம் சார்பதிவாளர் ஆபீசில் தலைமை எழுத்தர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. எரணியா என்கிற குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இருபத்திரண்டாம் நாள் போகிறார்.

டாக்டர் வெளியே வராந்தாவில் நின்றார். துக்கத்தில் தலையைக் குனிந்திருக்கிறார் என்று கணேஷ்ராம் முதலில் நினைத்தான். பேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மரணச் சான்றிதழை நீட்டினார். இதயம் நின்றதால் மரணம் என்று எழுதியிருந்தது. தப்பு சொல்ல முடியாது. கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டவனுக்கும் தாமிரபரணிச் சுழலில் போனவனுக்கும் கடைசியில் அதுதான் நிற்கிறது.

"சீழ்க் கல்ச்சர் ரிப்போர்ட் ஃபைலோட இங்கயே இருக்கட்டும் கணேஷ்ராம். ஊர்ல நாலு பேரு பாப்பாங்க, நாலு விதமாப் பேசுவாங்க. சர்க்கரை இருந்துச்சுல்ல, அதச் சொல்லிக்கலாம்."

"சரி டாக்டர்."

"உங்க கம்பெனி மதுரை மீட்டிங்குக்கு ரூம் போட்டாச்சா?"

"போட்டாச்சு டாக்டர்."

இந்த இரண்டு பதிலையும் ஒரே குரலில் சொன்னதற்காக அவனுக்கு அவன் மேல் அருவருப்பு வந்தது. குரலை மாற்றிச் சொல்லியிருந்தால் மட்டும் பெரிய மானஸ்தன் ஆகியிருப்பானோ என்றும் தோன்றியது. டாக்டரின் தலைக்கு மேலே சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் அவன் போன வருஷம் கொண்டுவந்து மாட்டியது. அதன் வட்டத்துக்குள் அவன் விற்கிற ஊசியின் பெயர் சிவப்பில் இருந்தது. எந்தக் கிருமியும் தப்பாது என்று சொல்லி அவன் மூன்று மாவட்டங்களில் விற்ற ஊசி. பதினோராம் நாள் வந்த அத்தானின் சீழ்ப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பன்னிரண்டு மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. பதினொன்றுக்கு நேரே ஆர் என்று போட்டிருந்தார்கள். ஆர் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அசையவில்லை என்று அர்த்தம். நாலாவது ஆர் அவனுடையது. கிருமி கட்டுப்படுகிற ஒரே மருந்தை மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தார்கள். அது வந்து இறங்கும்போது அத்தானுக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது.

வேனில் அக்கா உலகம்மாள் அத்தானின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நேசையா கால்மாட்டில். அவரை யாரும் கூப்பிடவில்லை. லீவு சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

"அண்ணாச்சி நல்லாத்தான் பாத்திய" என்றாள் அக்கா, பேட்டை தாண்டும்போது. "அவியளுக்கு விதி அவ்வளவுதான்."

நேசையா துண்டால் கண்ணைத் துடைத்தார். கணேஷ்ராம் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தான்.

நேசையாவுக்குக் கைராசி. கட்டுப்போடுவதற்கென்றே முப்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் கட்டினால் புண் ஆறும் என்பது பாளையங்கோட்டையில் மிஷன் கோயில் கோபுரம் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவர் கை பட வேண்டும் என்று சிபாரிசு பிடிப்பார்கள். தாசில்தார் போன் பண்ணுவார். சிபாரிசு இல்லாதவர்களுக்கு டூட்டியில் இருக்கிற நர்ஸ் கட்டுவாள். அத்தானுக்கு ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் கட்டு மாற்ற வந்தது அப்படிப்பட்ட ஒரு நர்ஸ். ஸ்வீட்லின் என்று பெயர். டிரெயினிங் முடித்து வந்து மூன்று மாசம். குழாயைத் திறந்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வடியும்வரை நின்றாள்.

"என்ன தம்பி, சாமி கும்பிடுதாளா இந்தப் பிள்ளை?" என்று அக்கா அவன் காதில் கேட்டாள். "நேசையா அண்ணாச்சிய வரச் சொல்ல முடியாதா? உன்னய எல்லாருக்கும் தெரியும்னு சொன்னியே."

சொல்லியிருந்தான். அதுதான் வினை. கணேஷ்ராம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். நேசையா ஏழாம் ரூமில் இருந்தார். அங்கே லாரியில் அடிபட்ட ஒரு காயல்பட்டினத்துக்காரர் இரண்டு மாசமாகக் கிடந்தார். கால் புண் ஆறவில்லை. வாசலிலேயே நாற்றம் அடித்தது. 'ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க அண்ணாச்சி, எங்க அத்தான்' என்றான். நேசையா கட்டை முடித்து, தட்டில் இருந்த பேசினில் கையை முக்கி எடுத்து, துண்டில் துடைத்துக்கொண்டு கூடவே வந்தார். காலையில் ஊற்றிய டெட்டால் தண்ணீர். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

ஸ்வீட்லின் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். "சார், அண்ணாச்சி ஏழாம் ரூம்ல சீழ்ப்புண்ணு கட்டிட்டு வாராவ. இது சுத்தமான புண்ணு. இத முதல்ல கட்டிட்டுத்தான் அங்க போகணும். இல்லன்னா சோப்பு போட்டு..."

"நீ படிச்சதெல்லாம் பரீட்சையில எழுதும்மா" என்றான் கணேஷ்ராம். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். அன்றைக்கு அவன் அடித்த ஜோக்குகளில் அதுதான் பிரமாதம்.

பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்ததும், நர்ஸ் மேஜையில் கிடந்த ஏழாம் ரூம் ஃபைலை யாரும் பார்க்காதபோது புரட்டினான். அதிலும் பதினொரு ஆர். அதே வரிசை. அதே ஒற்றை மருந்து மிச்சம். ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கீழே போய் டீ குடித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

சேரன்மகாதேவியில் வேன் நின்றதும் அழுகை எழுந்தது. தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். அத்தானின் மகள் சித்ரலேகாவை மட்டும் காணவில்லை. நிறைமாசம். நிறைமாசக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று அடுத்த வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவள் பின்கட்டு ஜன்னலில் நின்று அழுவது மட்டும் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத கிருமி கையில் தொற்றும் என்றால் சிரிக்கிற சனம், சாவு ஒரு பார்வையில் வயிற்றுக்குள் தொற்றிவிடும் என்பதில் சந்தேகமே இல்லாமல் இருந்தது.

பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் சாவுக்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சர்க்கரை என்றார். ஒருவர் ஏழரைச் சனி என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலை வடக்கே தலைவைத்துப் போட்டிருந்தார்களாமே என்று இன்னொருவர் விசாரித்தார். மில் சூப்பர்வைசரான அத்தானின் பெரியப்பா மகன் கணேஷ்ராமைத் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று இவன் முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டான்.

"மாப்ளே, ரெண்டு நாளா தொண்டை கட்டிக் கிடக்கு. பையில கேப்சூல் கிடக்கா? அந்தச் செவப்பும் கருப்பும்."

"இன்னைக்குக் கொண்டாரல அத்தான்."

"போன தடவ நாலு குடுத்தீர்லா. ரெண்டு போட்டேன், சரியாப் போச்சு. மிச்சம் ரெண்ட எம் வீட்டுக்காரிக்கு வயித்தாலப் போனப்பக் குடுத்தேன். நல்ல மருந்துவே."

கணேஷ்ராமின் சாம்பிள் பைதான் அந்தக் குடும்பத்துக்கு மருத்துவமனை. ஜலதோஷத்துக்கு இரண்டு, கால் ஆணிக்கு இரண்டு, மனசு சரியில்லை என்றாலும் இரண்டு. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கிற மாதிரி கொடுத்துவந்தான். குடும்பத்தில் அவனுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்தப் பையில் இருந்தது. அத்தானும் வருஷத்துக்கு நாலு தடவை வாங்கிப் போட்டுக்கொள்வார். 'எங்க மச்சினன் பாதி டாக்டர்' என்று ஆபீசில் சொல்வாராம். எந்தப் பாதி என்று யாரும் கேட்டதில்லை.

உள்ளே குளிப்பாட்டத் தூக்கினார்கள். நேசையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "இடுப்புல பைய ஊத்துங்க, கட்டு நனைஞ்சிரக் கூடாது" என்றார். குடம் தூக்கியவர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் எரியப் போகிற உடம்பு. அதன் புண் நனையாமல் ஏழெட்டு ஆண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டார்கள். கணேஷ்ராமுக்குச் சிரிப்பு வந்து, வேறு ஏதோவாக மாறியது. துண்டை வாயில் அமுக்கிக்கொண்டான்.

ஆற்றங்கரையில் எல்லாம் மூன்று மணிக்குள் முடிந்தது. அத்தானின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். நேசையா தள்ளி நின்று தலையைக் குனிந்து ஜெபம் செய்தார். ஆற்றில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் ரசமும் வந்திருந்தது. கூடத்தில் இலை போட்டார்கள். பசி வெட்கமில்லாமல் எல்லாரையும் உட்கார வைத்தது. முதல் பந்தி எழுந்து தெருவுக்குப் போனது. அடுத்த பந்தியில் கணேஷ்ராமும் நேசையாவும் மட்டும் மிச்சம்.

உலகம்மாள் உள்ளறை நிலைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தபடியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"வர வியாழக்கிழமை காலைல சித்ராவுக்கு அதே ஆஸ்பத்திரியில வயித்தக் கீறி எடுக்காவ. எலும்பு சின்னதாம், தானாப் பொறக்காதாம். நல்ல நேரம் பாத்து நாள் குறிச்சதே அவியதான். இப்ப மாத்த வேண்டாம்னு டாக்டரும் சொல்லிட்டாவ. புண்ணு நீங்கதான் கட்டணும். வேற ஆள் கை படக் கூடாது. மாப்பிள்ளையும் துபாய்ல கிடக்காரு. எனக்கு இனிமே அவ ஒருத்திதான்."

நேசையா இலைக்கு முன்னால் உட்காரப் போனவர் நிமிர்ந்தார். "நான் பாத்துக்கிடுதேன்மா. கர்த்தர் ஒரு குறையும் வைக்க மாட்டாரு."

கணேஷ்ராம் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் தீர்க்கிற வழி அவனுக்குத் தெரியும். டாக்டரிடம் பேசி வியாழக்கிழமை நேசையாவை வேறு வேலைக்கு அனுப்பச் சொல்லலாம். இன்னொரு சுவர்க்கடிகாரத்தில் முடிகிற காரியம். ஆனால் அக்கா விடமாட்டாள். நேசையா வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு வருவாள். இவரும் வருவார், வருகிற வழியில் இன்னும் இரண்டு ரூமுக்குக் கட்டிவிட்டு. டாக்டர் ஏன் என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டியிருக்கும். பன்னிரண்டு வருஷமாக டாக்டர்களிடம் அவன் நிஜம் எதுவும் சொன்னதில்லை.

"வேண்டாம் எக்கா" என்றான்.

"என்ன வேண்டாம்?"

"அண்ணாச்சி கட்ட வேண்டாம்."

"ஏ கணேசு, கிறுக்கா உனக்கு? அவிய செத்ததுக்கு இவிய என்ன பண்ணுவாவ?"

கணேஷ்ராம் நேசையாவைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தே சொன்னான். ஏழாம் ரூமைச் சொன்னான். இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றுபோல இருந்ததைச் சொன்னான். "அத்தான் புண்ணுல இருந்த கிருமி அந்தக் காயல்பட்டினத்துக்காரர் புண்ணுல இருந்ததுதான். நடந்து வரல. கையிலதான் வந்துச்சு. அண்ணாச்சிய அங்கேருந்து கூட்டியாந்தது நான். அந்தப் பிள்ளை கையக் கழுவிட்டு நின்னா. படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான்தான் கேலி பேசி ஒதுக்கிவிட்டேன்."

கூடத்தில் சோறு பரிமாற வந்த பெண் சட்டியோடு நின்றாள். தெருவில் யாரோ நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது.

"நான் கை கழுவினேனே சார்" என்றார் நேசையா. குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவரை எடுக்கவில்லை என்று சொன்னால் வருகிற குரல்.

"பேசின்லதான அண்ணாச்சி."

"டெட்டால் ஊத்தின தண்ணிலா சார். முப்பது வருஷமா அதுலதான் கழுவுதேன். பெரிய டாக்டர் காலத்துலயிருந்து அதுதான்."

"காலைல ஊத்துனது. சாயங்காலம் வரைக்கும் அதே தண்ணி."

நேசையா ஒரு விரலை மடக்கினார். "ஏழாம் ரூம் கட்டிட்டு அத்தானுக்கு மட்டும் கட்டல சார்" என்றார். "ஒன்பதாம் ரூம். பதினொண்ணு. கீழ ரெண்டு பிரசவப் புண்ணு." விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உலகம்மாள் தம்பியைப் பார்த்தாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினோராம் நாளு."

"பதினோரு நாளா எங்கூட உக்காந்து இட்லி தின்னுருக்க."

அவனிடம் ஜோக் எதுவும் கைவசம் இல்லை. அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தான். மண்ணை வாரித் தூற்றுவாள், வீட்டை விட்டுப் போ என்பாள் என்று எதிர்பார்த்தான். அதற்கெல்லாம் அவன் தயார். இந்தப் பதினோரு நாளும் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அவியளுக்குக் கட்ட நாந்தான இவன் காதுல சொன்னேன், அண்ணாச்சியக் கூப்பிடுன்னு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"ஸ்வீட்லின்."

"இன்னும் அங்கதான் இருக்காளா?"

"இருக்கா. நான் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதுல துணி வெளுக்கிற பக்கம் மாத்திட்டாவ."

உலகம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். "காலைல போயி நீயே கேளு. டாக்டர் மூலமா இல்ல. அவ கிட்ட நேரா. வியாழக்கிழமை எம் மகளுக்குக் கட்டுவியாம்மான்னு கேளு. கால்ல விழச் சொன்னாலும் விழு."

"சரி."

"ஒரு சாண் தள்ளி விழாத."

பரிமாறுகிற பெண் இதுதான் சமயம் என்று இரண்டு இலையிலும் சோற்றை வைத்தாள். பருப்பை ஊற்றினாள். நேசையா நின்றுகொண்டே இருந்தார். போவதற்குத் துண்டை எடுத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள். "சாவு வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போகக் கூடாது."

உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, வலது கையை இலைக்கு மேலே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. மேலே ஒருமுறை, உள்ளங்கையை ஒருமுறை, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெள்ளையாக வெட்டிய நகம். சுத்தமான கை. மத்தியானம்தான் ஆற்றில் முங்கி எழுந்த கை.

"ஒரு கரண்டி இருந்தாக் குடுங்கம்மா" என்றார்.

பரிமாறியவளுக்கு விளங்கவில்லை. பரிமாறுகிற கரண்டியைக் காட்டி, "இதுவா?" என்றாள்.

"சின்னது. சாப்பிடுத கரண்டி."

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாக் கொண்டாம்மா" என்றாள் உலகம்மாள் சுவரில் சாய்ந்தபடி.

இரண்டு ஸ்பூன் வந்தது. ஒன்று நேசையாவின் இலையில். இன்னொன்றைப் பரிமாறியவள் யோசித்துவிட்டுக் கணேஷ்ராமின் இலையில் வைத்தாள். அவன் எடுத்தான். இலையில் ஸ்பூனால் சோறு எடுக்க இருவருக்குமே பழக்கமில்லை. முதல் வாயிலேயே இலை கிழிந்தது. கிழிசல் வழியாகப் பருப்பு இறங்கித் தரையில் ஓடியது. இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.